அலெக்சாண்டர் போட்ட ரோடு

வளைகுடாவில் எங்கள் தமிழ்ச் சபைக்கு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. அவ்வப்போது ஊரிலிருந்து பிரசங்கியார்கள் வந்து போவார்கள். அப்படி வந்த ஒருவர் எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். தீரு பட்டணத்தின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்பு அது. மதில்கள் இடியும், கல்லும் மரமும் மண்ணும் தண்ணீருக்குள் போகும், ஊர் வெறும் பாறையாகி வலை காயப்போடுகிற இடமாகும், மறுபடி கட்டப்படாது. திரையில் ஒரு படம் போட்டார்: பாறை, அதன்மேல் வலை, பின்னால் கடல். "அந்தத் தீரு இன்று எங்கே?" என்று கேட்டார். சபை உரக்க ஆமென் சொன்னது. எனக்கு மட்டும் வாய் வரவில்லை. ஏனென்றால், அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர் தீருவில் பிறந்தவர்.

அரபியில் அந்த ஊருக்கு சூர் என்று பெயர். தெற்கு லெபனானில், பெய்ரூட்டிலிருந்து கடற்கரையோடு கீழே போனால் சீதோன், அதற்கும் கீழே சூர். நண்பரும் என்னைப் போலவே குவான்டிட்டி சர்வேயர். எத்தனை கன மீட்டர், எத்தனை டன், என்ன ரேட் என்பதிலேயே இருவருக்கும் பொழுது போய்விடும். பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து, அவருடைய அக்கா வீட்டுப் பால்கனியிலிருந்து எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினார். கீழே குறுகலான சந்தில் இரண்டு கார்கள் எதிரெதிரே மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கட்டடங்களுக்கு நடுவே மீன்பிடிப் படகுகளின் கம்பங்கள் தெரிந்தன. ஓர் ஓரத்தில் வலையும் காய்ந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அப்புறம் போனை உள்ளே வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அலெக்சாண்டரை ஊரை அழித்தவன் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் போகிற ரோடே அவன் போட்டதுதான்."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை விடவில்லை. ஒரு முற்றுகைக்காகக் கடலில் கொட்டிய கல்லும் மண்ணும் 2,300 வருடம் கழித்து எப்படி ஒருவர் வீட்டுக்குப் போகிற வழியாக இருக்க முடியும்? போர் முடிந்ததும் அலை அரித்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

மணலைவிட மீன் அதிகம்

சூர் முதலில் ஒரு தீவு. கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது. எதிரே கரையில் உஷு என்று ஒரு துணை ஊர். கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் எகிப்திய ஓலையில் இந்த ஊரைப் பற்றி ஒரு வரி வருகிறது: கடலுக்குள் இருக்கும் பட்டணம், படகில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள், அங்கே மணலைவிட மீன் அதிகம். இதைவிடச் சுருக்கமாக ஒரு தீவை யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், சூரின் அரசன் அபி-மில்கு எகிப்தின் பார்வோனுக்கு எழுதிய களிமண் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. சீதோன்காரன் கரையைப் பிடித்துக்கொண்டான், குடிக்கத் தண்ணீர் இல்லை, எரிக்க விறகு இல்லை, செத்தவர்களைப் புதைக்க மண்கூட இல்லை என்று புலம்புகிறான்.

கடல் நடுவே ராஜா மாதிரி இருந்த ஊர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தண்ணீருக்கும் விறகுக்கும் இடுகாட்டுக்கும் அது கரையைத்தான் நம்பியிருந்தது. ஆனாலும் யார் படையோடு வந்தாலும் கரையைத்தான் பிடிக்க முடியும், ஊரைப் பிடிக்க முடியாது. அசீரியர்கள் தண்ணீரை ஐந்து வருடம் மறித்தபோது தீவுக்காரர்கள் கிணறு வெட்டிச் சமாளித்தார்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் 13 வருடம் முற்றுகையிட்டான். அதன் பலனை எசேக்கியேலே 29ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார்: சுமை தூக்கித் தூக்கிப் படைவீரர்களின் தலை மொட்டையாகி, தோள் உரிந்ததுதான் மிச்சம், தீருவினால் அவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. 26ஐப் பிரசங்கிப்பவர்கள் 29க்கு ஏனோ வருவதில்லை.

ஊர் எதில் பிழைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சாலொமோனின் ஆலயத்துக்குக் கேதுரு மரம் அனுப்பிய ஈராம் இந்த ஊர் ராஜா. கார்த்தேஜ் இந்த ஊரார் போய்க் குடியேறிய ஊர், மரபுக் கணக்கில் கி.மு. 814. கடல் சங்கிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் இந்த ஊரின் பொன். 1909-ல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் 12,000 சங்குகளை உடைத்து வெறும் 1.4 கிராம் சாயம் எடுத்தார். அதன் விலை ஏன் அப்படி இருந்தது என்பதற்கு அந்தக் கணக்கே போதும். சாயப் பட்டறைகளின் நாற்றத்தில் இந்த ஊரில் குடியிருப்பது கஷ்டம், ஆனால் அந்த நாற்றம்தான் இவர்களைப் பணக்காரர்களாக்கியது என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ரோமாபுரியைவிட இங்கே மாடிகள் அதிகம் என்றும் சொல்கிறார். தீவு பெரிதாக வழியில்லை, வீடுதான் மேலே வளர வேண்டும்.

ஏழு மாதம்

கி.மு. 332. பாரசீகப் பேரரசைத் துரத்திக்கொண்டு வந்த அலெக்சாண்டருக்கு சீதோன், பைப்லோஸ் எல்லாம் கதவைத் திறந்துவிட்டன. சூர் தூது அனுப்பிப் பணிவாகத்தான் பேசியது. ஆனால் உங்கள் ஊர்த் தெய்வம் மெல்கார்த்தின் கோயிலில் நான் பலியிட வேண்டும் என்று அவன் கேட்டதும், கோயில் கரையிலும் ஒன்று இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊருக்குள் மாசிடோனியரையும் விடமாட்டோம், பாரசீகரையும் விடமாட்டோம் என்பது அவர்கள் நிலை. தீவில் இருப்பவர்களுக்குத்தான் அப்படிப் பேசத் தெம்பு வரும்.

அவனிடம் அப்போது உருப்படியான கப்பல் படை இல்லை. ஆகவே கடலைத் தூர்த்து வழி போட முடிவு செய்தான். கரையிலிருந்த பழைய ஊரை இடித்துக் கல் எடுத்தார்கள். லெபனான் மலையிலிருந்து மரம் வந்தது. சேற்றில் மரக்கம்பங்களை அடித்து நடுவில் கல்லை நிரப்பினார்கள். சுற்றுவட்டாரத்து ஆட்களைப் பல்லாயிரக்கணக்கில் வேலைக்குப் பிடித்தார்கள்.

ஒரு மதியம் வேலை குறைவாக இருந்தபோது நானும் நண்பரும் இதற்கு ஒரு தோராய எஸ்டிமேட் போட்டோம். கடலுக்குள் போட்ட இந்த அணையின் அகலம் ஏறக்குறைய 60 மீட்டர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் தரும் அளவிலிருந்து வருகிறது. நீளத்தை 700 மீட்டர் என்று வைத்தோம். கரையோரம் ஆழம் குறைவு, சேறு. தீவை நெருங்கினால் மூன்று பாகம் ஆழம் என்கிறார் அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அர்ரியன், அதாவது ஐந்தரை மீட்டர். சராசரி மூன்று மீட்டர் ஆழம், தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் என்று எடுத்தால் 1,68,000 கன மீட்டர். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கச் சரிவை விட்டுவிட்டாய், சேற்றில் அமிழ்ந்து போவதை விட்டுவிட்டாய், அலை அடித்துக்கொண்டு போனதற்கு யார் பணம் கொடுப்பது, 30 சதவீதம் சேர் என்றார். சேர்த்தால் 2,18,400. பத்து கன மீட்டர் பிடிக்கும் டிப்பர் லாரியில் 21,840 நடை. அங்கே லாரி ஏது? கூடையும் தோளும்தான். அதுவும் மதிலுக்கு மேலிருந்து அம்பு வந்துகொண்டிருக்கும்போது.

சூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குதிரை ஏற்றும் பெரிய கப்பல் ஒன்றில் காய்ந்த சுள்ளி, கீல், கந்தகம் எல்லாம் நிரப்பி, பாய்மரக் கைகளில் எரியும் திரவம் நிறைந்த கொப்பரைகளைத் தொங்கவிட்டார்கள். பின்பக்கம் பாரம் ஏற்றி முன்பக்கத்தைத் தூக்க வைத்தார்கள். காற்று வாக்காக வந்த நாளில் அதை இழுத்துக்கொண்டு போய் அணையின் நுனியில் மோதவிட்டுக் கொளுத்தினார்கள். அங்கே அலெக்சாண்டர் நிறுத்தியிருந்த இரண்டு மரக் கோபுரங்களும் சாம்பல். பின்னால் எதிரிக் கப்பல்கள் நங்கூரம் போட்டபோது முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியில் போய்க் கயிற்றை அறுத்தார்கள். கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட வேண்டியதாயிற்று. செம்புக் கேடயங்களில் மணலைப் பழுக்கக் காய்ச்சி மேலிருந்து கொட்டினார்கள். கவசத்துக்குள் போன மணலை என்ன செய்ய முடியும்?

வென்றது அணை இல்லை

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இனிமேல்தான். அலெக்சாண்டரின் மேதைமைக்கு உதாரணமாக எப்போதும் இந்த அணையைத்தான் சொல்வார்கள். கடலையே ரோடாக்கியவன் என்று. ஆனால் அர்ரியன் எழுதியதை நிதானமாகப் படித்தால், ஊர் விழுந்தது அணையால் இல்லை. அணை போய் முட்டிய இடத்தில் மதில் 150 அடி உயரம், பெரிய கற்களைச் சாந்து பூசி அடுக்கியது. அங்கே வைத்த இயந்திரங்களால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிலைமையை மாற்றியது கப்பல்கள். சீதோனும் பைப்லோஸும் அர்வாதும் அலெக்சாண்டர் கைக்குப் போய்விட்டதால், பாரசீகக் கடற்படையில் இருந்த அந்த ஊர்க் கப்பல்கள் அவன் பக்கம் வந்துவிட்டன, ஏறக்குறைய 80. சைப்ரஸிலிருந்து இன்னும் 120. இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் சூரின் கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே முடங்கிக்கொண்டன. அப்புறம் கப்பல்களில் இடிக்கும் இயந்திரங்களை ஏற்றி, தீவைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்து, தெற்கே எகிப்தைப் பார்த்த பக்கத்தில் மதிலை உடைத்தார்கள். அந்த உடைப்பு வழியாகத்தான் படை உள்ளே போனது. 8,000 பேர் கொல்லப்பட்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பது அர்ரியனின் கணக்கு. கடற்கரையில் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் கர்டியஸ் சொல்கிறார்.

எங்கள் தொழிலில் பார்த்தால் இது ஒரு தோற்றுப்போன புராஜெக்ட். ஏழு மாதம், லட்சக்கணக்கான கன மீட்டர், கடைசியில் எதற்காகக் கட்டினார்களோ அதற்குப் பிரயோஜனமாகவில்லை. ஜெயித்த கப்பல்கள் அடுத்த போருக்குப் போய்விட்டன. அலெக்சாண்டரும் ஒன்பது வருடத்தில் பாபிலோனில் செத்துப்போனான். அணை மட்டும் அங்கேயே கிடந்தது. சூரின் மிச்ச சரித்திரத்தை எழுதியது அதுதான்.

அலை ஏன் அதை அரித்துக்கொண்டு போகவில்லை என்பதற்குப் பதில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. நிக் மாரினர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் தீவையும் கரையையும் இணைக்கும் அந்தக் கழுத்துப் பகுதியில் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். தீவு பல்லாயிரம் வருடங்களாகவே அலையை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால், கரைக்கும் அதற்கும் நடுவே, மணல் தங்கித் தங்கி ஒரு திட்டு வளர்ந்திருக்கிறது. வடக்கே சில கிலோமீட்டரில் லிதானி ஆறு கடலில் சேர்கிறது, மண்ணுக்குப் பஞ்சமில்லை. அலெக்சாண்டர் வந்தபோது அந்தத் திட்டு தண்ணீருக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே இருந்திருக்கிறது. அப்படியானால் நாங்கள் எடுத்த சராசரி ஆழம் அதிகம், எஸ்டிமேட்டைக் குறைக்க வேண்டும். நண்பர் இதை ரசிக்கவில்லை.

ஆக, கடல் பாதி வேலையை முன்பே செய்து வைத்திருந்தது. இவன் அதன்மேல் ஒரு வரப்பைக் கட்டினான். கட்டிய பிறகு நீரோட்டம் குறுக்கே போக முடியாமல் இரண்டு பக்கமும் மணலை இறக்கியது. 60 மீட்டர் அணை பல நூறு மீட்டர் அகல நிலமானது. இன்று அதன்மேல் தெருக்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. மணலைவிட மீன் அதிகம் என்று எகிப்தியன் எழுதிய ஊர் இது.

மறுபடி தீவாகும் ஆசை

332-ல் ஊர் முடிந்துவிட்டது என்று எழுதுபவர்கள் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை. அலெக்சாண்டரின் படையிலேயே இருந்த சீதோன்காரர்கள் 15,000 பேரைக் கப்பல்களில் ஒளித்துக் காப்பாற்றினார்கள் என்று கர்டியஸ் எழுதுகிறார். ஊர் விழுவதற்கு முன்பே பெண்களிலும் பிள்ளைகளிலும் ஒரு பகுதியினர் கார்த்தேஜுக்குக் கப்பலேறியிருந்தார்கள். சரி, அதற்குப் பிறகு வெறும் 18 வருடத்தில் அவனுடைய தளபதி ஆன்டிகோனஸ் இதே ஊரை முற்றுகையிட்டான். இந்த முறை நடந்தே போக வழி இருந்தது. ஆனாலும் 15 மாதம் ஆயிற்று, அதுவும் புதிதாகக் கப்பல் கட்டி வந்த பிறகுதான். செத்த ஊர் 15 மாதம் தாக்குப்பிடிக்காது.

கி.மு. 126-ல் சூர் தன்னாட்சி பெற்றுத் தன் பெயரில் வெள்ளிக் காசு அடித்தது. ஒரு பக்கம் மெல்கார்த்தின் தலை, மறுபக்கம் கழுகு. வெள்ளி சுத்தமாக இருந்ததால் எருசலேம் ஆலய வரிக்கு இந்தக் காசுதான் செல்லுபடி. யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசும் இந்தத் தீருக் காசாகத்தான் இருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் ஊகம். அப்போஸ்தலர் 21-ல் பவுல் தீருவில் ஏழு நாள் தங்குகிறார். அவரை வழியனுப்ப விசுவாசிகள் பெண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே கடற்கரைக்கு வந்து முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறார்கள். பெண்டு பிள்ளைகள் இருந்த ஊர்தானே?

ரோமர் காலத்தில் அணையின் பலன் முழுதாகத் தெரிகிறது. ராஸ் அல்-ஐன் ஊற்றிலிருந்து மேல்வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அபி-மில்கு அழுத தண்ணீர் இப்போது கல்தூண்மேல் நடந்து ஊருக்குள் வருகிறது. நிலப்பக்கத்தில், இப்போது அல்-பாஸ் என்கிற இடத்தில், ஊருக்குள் நுழையும் சாலை, வெற்றி வளைவு, இருபுறமும் கல் சவப்பெட்டிகள், சுமார் 480 மீட்டர் நீளத்தில் தேர்ப்பந்தய மைதானம். தீவில் பந்தயம் விட இடம் ஏது? சட்ட அறிஞர் உல்பியன் தன் ஊர் இதுதான் என்கிறார். மரினோஸ் என்ற புவியியலாளரும் இங்கத்தியர். வணிகர்கள் சொல்லும் பயணக் கணக்குகளைச் சேர்த்து அவர் உலகப் படம் வரைந்தார். அவருக்குப் பின் வந்த புவியியலாளர் தாலமி அவரைத் திருத்தியும் குறைசொல்லியும்தான் தன் நூலை எழுதினார். முசிறியும் காவிரி முகத்துத் துறையும் தாலமியிடம் இருக்கின்றன என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த நூலுக்கு அஸ்திவாரம் ஒரு சூர்க்காரர் போட்டது.

நிலத்தோடு ஒட்டிக்கொண்டதன் விலையை ஊர் பின்னால் கொடுத்தது. சிலுவைப் போர்க்காரர்கள் 1124-ல் தரைவழியாகவும் வெனிஸ் கப்பல்களோடு கடல்வழியாகவும் நெருக்கிப் பிடித்தார்கள். 1187-ல் சுல்தான் சலாவுதீன் எருசலேமைப் பிடித்துவிட்டு இங்கே வந்தபோது, உள்ளே கான்ராட் என்ற இத்தாலிய பிரபு இருந்தார். அந்தக் கழுத்தின் குறுக்கே இருந்த அகழியை ஆழப்படுத்தி, கடலுக்கும் கடலுக்கும் நடுவே நிலத்தை அறுத்து வைத்திருந்தார். அலெக்சாண்டர் ஒட்டியதை வெட்டிப் பழையபடி தீவாக்கிவிடும் ஆசைதான். அங்கேயும் முடிவு கடலில்தான் வந்தது. டிசம்பர் கடைசியில் ஓர் இரவில் சலாவுதீனின் காவல் கப்பல்களில் ஐந்தை உள்ளே இருந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். சில நாளில் அவர் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்.

1291-ல் பக்கத்து ஆக்கர் விழுந்த செய்தி வந்ததும் சூரில் இருந்தவர்கள் சண்டையே போடாமல் கப்பலேறினார்கள். உள்ளே வந்த மம்லுக்குகள், அதாவது அப்போது எகிப்தை ஆண்டவர்கள், மதிலை இடித்தார்கள். சிலுவைக்காரர்கள் மறுபடி வந்து இறங்க இடமிருக்கக் கூடாதல்லவா? ஊர் உண்மையிலேயே பாழானது அப்போதுதான், அலெக்சாண்டருக்கு 1,600 வருடம் கழித்து. 1697-ல் வந்த ஹென்றி மாண்ட்ரெல் என்ற ஆங்கிலப் பாதிரியார், முழுசாக ஒரு வீடுகூட இல்லை, இடிந்த கட்டடங்களின் நிலவறைகளில் சில ஏழைகள் மீன்பிடித்துப் பிழைக்கிறார்கள் என்று எழுதினார். தீர்க்கதரிசனம் நிறைவேறியதற்கு ஆதாரமாக இன்றும் மேடைகளில் காட்டப்படும் தீரு அவர் பார்த்த தீருதான். அது ஒரு காலத்துப் படம். அடுத்த நூற்றாண்டின் நடுவிலேயே அந்த வட்டாரத்து ஷியா தலைவர்கள் ஊரைத் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நண்பரின் குடும்பக் கதையும் ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதன் பின்னும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆர்மீனிய அகதிகளுக்காக அல்-பாஸில் அமைத்த முகாமில் 1948க்குப் பிறகு பாலஸ்தீனர்கள் குடியேறினார்கள். தேர் ஓடிய மைதானத்தை ஒட்டியே அந்த முகாம் இருக்கிறது. 1984-ல் யுனெஸ்கோ சூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் இஸ்ரேலியப் படை ஊருக்குள் வந்திருந்தது. 2006-ல் மறுபடி குண்டுகள். 2024 அக்டோபரில் ஊரின் நடுப்பகுதியிலேயே கட்டடங்கள் விழுந்தன. நவம்பர் 18 அன்று யுனெஸ்கோ லெபனானின் 34 பண்பாட்டு இடங்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு அறிவித்தது. அதில் சூரும் ஒன்று.

அந்த வாரங்களில் நண்பர் மேசையில் இருந்தாலும் இங்கே இல்லை. ஊரைக் காலி செய்யச் சொல்லி எச்சரிக்கை வந்தபோது அவர் அம்மா முதலில் அசையவில்லை. அக்காதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காரில் ஏற்றினார். கி.மு. 332-ல் பெண்டு பிள்ளைகள் கடல் வழியாகத்தான் தப்பினார்கள். இந்த முறை கடல் மூடியிருந்தது. ஆவலி ஆற்றுக்குத் தெற்கே யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று இஸ்ரேலிய ராணுவம் அறிவித்திருந்ததால் படகுகள் எல்லாம் வடக்குத் துறையிலேயே கட்டிக் கிடந்தன. அவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கழுத்தைத் தாண்டிப் பெய்ரூட்டுக்குப் போகும் ரோடு மட்டும்தான். நவம்பர் 27 அதிகாலை போர்நிறுத்தம் என்றதும் அன்றைக்கே திரும்ப வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாராம். பால்கனிக் கண்ணாடி போயிருந்தது, தண்ணீர்த் தொட்டி ஓட்டை. கண்ணாடிக்கு அளவு எடுத்து அனுப்பச் சொல்லி, இங்கே உட்கார்ந்தபடி நண்பர் எஸ்டிமேட் போட்டார். அங்கே ரேட் மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று என்னிடம் காட்டினார். நான் பார்த்தேன், ஏறித்தான் இருந்தது.